பழைய கம்பளி விரிப்பை வீட்டிலேயே கழுவலாமா?

கேள்வி: 6 மார்ச் 2024, தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வாசகி

ஆயா வீட்டிலிருந்து கம்பளி விரிப்பு ஒன்று வந்திருக்கிறது. ஆறடிக்கு ஒன்பதடி இருக்கும், சிவப்பும் கருநீலமும். வருஷக்கணக்காகச் சுருட்டியே கிடந்ததால் முடை நாற்றம் அடிக்கிறது. வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து தெளித்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, குழாயால் அடித்துவிட்டால் புதுசாகிவிடும் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். இந்தச் சனிக்கிழமை செய்யப்போகிறேன். யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

6 மார்ச், இரவு

இந்தச் சனிக்கிழமை வேண்டாம் தங்கச்சி. நான் டர்பனில் கம்பளம் கழுவும் பட்டறை ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்தவள். இப்போது சாட்ஸ்வர்த்தில் வீட்டோடு இருக்கிறேன். பட்டறைக்குக் கெட்டுப்போய் வந்த விரிப்புகளில் அழுக்கால் கெட்டது குறைவு. வீட்டில் கழுவிவிட்டு, காயவைக்க வழி இல்லாமல் கெட்டதுதான் அதிகம்.

மார்ச் மாதம் நம் பக்கம் காற்றிலேயே ஈரம். ஆறுக்கு ஒன்பது விரிப்பு ஊறிவிட்டால் இரண்டு பேர் சேர்ந்து நகர்த்துவதே பாடு. அடியில் இருக்கும் பருத்தி நூல் ஒரு நாளைக்குமேல் ஈரமாகவே கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். நாளடைவில் நூல் இற்றுப்போய், மடிக்கும்போது படக்கென்று முறியும். முறிந்த பாவு நூலை, அதாவது நீளவாக்கில் ஓடும் அந்த அடி நூலை, ஒட்டவைக்க முடியாது.

முதலில் எங்கே காயவைக்கப் போகிறீர்கள் என்று சொல்லுங்கள். அதற்குப் பிறகுதான் தண்ணீர்ப் பேச்சு.

6 மார்ச், கொஞ்ச நேரம் கழித்து

வினிகர், சோடா சமாச்சாரம் விட்டுப்போயிற்று. ஒன்று அமிலம், மற்றது காரம். கலந்தால் பொங்கும், பார்க்க நன்றாகத்தான் இருக்கும். பொங்கி வெளியேறுவது கரியமில வாயு. அடங்கியபின் மிச்சம் இருப்பது சோடியம் அசிடேட் என்ற உப்பு கரைந்த தண்ணீர். அழுக்கை இழுத்துவர அதில் ஒன்றும் இல்லை. தனியாக வினிகருக்கு ஒரு வேலை உண்டு, அதைக் கழுவும் நாளில் சொல்கிறேன்.

10 மார்ச்

நீங்கள் அனுப்பிய, விரிப்பின் பின்பக்கத்துப் படம் பார்த்தேன். முன்னால் இருக்கும் பூவேலை அப்படியே பின்னாலும் தெரிகிறது, முடிச்சுகளை ஒவ்வொன்றாக எண்ணலாம். கையால் முடிச்சுப் போட்டது. குஞ்சமும் தனியாகத் தைத்ததில்லை, பாவு நூலே வெளியே நீண்டு குஞ்சமாக நிற்கிறது. இந்த ரகம் தண்ணீர் தாங்கும்.

இதைப் படிக்கிற மற்றவர்களும் உங்கள் விரிப்பைத் திருப்பிப் பாருங்கள். பின்னால் முழுக்கத் துணி ஒட்டியிருந்தால், அது ரோமத்தைக் குத்தி ரப்பர் பசையால் பிடித்து நிறுத்திய ரகம். வயதானால் அந்தப் பசை காய்ந்து பொடிப் பொடியாகக் கொட்டும். அதை ஊறவைத்தால் துணி கழன்று வரும், நாற்றமும் போகாது. அதற்கு மேலோடு துடைப்பதுதான் வைத்தியம்.

கம்பளியா, செயற்கை நூலா என்று சந்தேகம் இருந்தால் ஓர் இழையைப் பிடுங்கி, இடுக்கியில் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். கம்பளி சுருண்டு கருகும், தலைமுடி பொசுங்கும் வாடை வரும், நெருப்பை எடுத்ததும் தானாக அணையும், சாம்பலை விரலால் நசுக்கினால் தூளாகும். நைலான், பாலியஸ்டர் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். காகிதம் எரிகிற வாடையோடு சடசடவென்று எரிந்தால் விஸ்கோஸ் அல்லது பருத்தி. பட்டுப்போலப் பளபளப்பது விஸ்கோஸ் என்று தெரிந்தால் தண்ணீரைப் பக்கத்திலேயே கொண்டுபோக வேண்டாம். பட்ட இடம் மஞ்சளித்து விறைத்துவிடும், திரும்ப வராது.

11 மார்ச்

இப்போதைக்கு நீங்கள் செய்ய வேண்டியது தூசு எடுப்பது. எல்லோரும் அவசரமாகத் தாண்டிப்போகிற வேலை இது. என் கணக்கில் முக்கால்வாசி வேலையே இதுதான். விரிப்பில் இருக்கும் அழுக்கில் பெரும்பங்கு காய்ந்த மண்ணும் மணலும். மேலே தெரியாது. ரோமத்தின் அடியில், முடிச்சுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு தடவை மிதிக்கும்போதும் மணலின் கூர்முனை இழையை அடியில் அறுக்கும். வாசல் பக்கம், சோபாவுக்கு முன்னால், இப்படி நடமாட்டம் உள்ள இடத்தில் மட்டும் ரோமம் குட்டையாகத் தேய்ந்திருப்பதற்குக் காரணம் அந்த மணல். அந்த மண்ணோடு தண்ணீர் ஊற்றினால் சேறாகி அடி நூலில் இறங்கிவிடும். அப்புறம் எவ்வளவு அலசினாலும் கலங்கல் நிற்காது.

செய்முறை: விரிப்பைக் குப்புறப் போடுங்கள், ரோமம் தரையைப் பார்க்கட்டும். பின்பக்கத்தில் வேக்குவம் கிளீனரை மெதுவாக, வரிசை வரிசையாக ஓட்டுங்கள். அல்லது உள்ளங்கையால், தட்டையான மரக்கரண்டியால் தட்டிக்கொண்டே போங்கள். பிறகு ஒரு ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள். தரையில் மாவு சலித்ததுபோல மெல்லிய மண் கோடு கோடாக விழுந்திருக்கும். பெருக்கி எடுத்துவிட்டு, இடத்தை மாற்றிப் போட்டு மறுபடியும் தட்டுங்கள். மண் விழுவது நிற்கும்வரை இதையே செய்ய வேண்டும். நீண்ட நாள் கிடந்த விரிப்பில் கை வலித்த பிறகும் விழுந்துகொண்டே இருக்கும். ஒரே மூச்சில் முடிக்க வேண்டிய அவசியம் இல்லை, சாயங்காலம் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள்.

முன்பக்கம் வேக்குவம் போடும்போது ரோமம் சாய்ந்த திசையிலேயே இழுங்கள். கையால் தடவினால் ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் முரடாக நிற்கும். வழுக்கும் பக்கம்தான் சரியான திசை. சுழலும் பிரஷ் உள்ள கிளீனரானால் பிரஷை நிறுத்திவிட்டு உறிஞ்சுவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குஞ்சத்தின் மேல் ஒருபோதும் வேண்டாம், இழுத்துச் சுற்றிக்கொள்ளும்.

14 மார்ச்

கொடியில் தொங்கவிட்டுக் கட்டையால் அடிக்கலாமா என்று டர்பன் பக்கத்துப் பீனிக்ஸிலிருந்து ஓர் அண்ணன் கேட்கிறார். உறுதியான புது விரிப்பானால் பின்பக்கத்தில் அளவாக அடிக்கலாம். ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்டதை மெல்லிய கொடியில் போட்டால் முழுக் கனமும் ஒரே கோட்டில் விழும், அங்கேதான் கிழியும். தரையில் வைத்துத் தட்டுங்கள்.

17 மார்ச்

சோப்பு. நான் அதிகம் வாதாடுவது இதில்தான்.

கம்பளி என்பது ஆட்டின் முடி. நம் தலைமுடி எதனால் ஆனதோ அதே கெரட்டின் புரதம். காரம் பட்டால் கெரட்டின் பலவீனமாகும். சூடு, காரம், தேய்ப்பு மூன்றும் சேர்ந்தால் இழையின் மேலுள்ள செதில்கள் ஒன்றில் ஒன்று மாட்டிக்கொண்டு கட்டியாகும். அதைப் பிரிக்க முடியாது. துணி துவைக்கும் பவுடர் நல்ல காரம். போதாததற்குப் பல பவுடர்களில் புரதத்தைக் கரைக்கும் நொதி இருக்கிறது. சட்டையில் பட்ட முட்டைக்கறையைத் தின்னும் அந்த நொதிக்குக் கம்பளியும் புரதம்தான்.

நம் வீடுகளில் எல்லாவற்றுக்கும் பச்சை சன்லைட் கட்டிதான். காலருக்கு அதைப்போல வேறு கிடையாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் துணி துவைக்கும் கட்டிச் சோப்பு காரம். பாத்திரம் கழுவும் திரவம் வேறு வகை, பெரும்பாலும் நடுநிலைக்குப் பக்கத்தில் இருக்கும். ஐந்து லிட்டர் வாளிக்கு ஒரு தேக்கரண்டி போதும். நுரை வரவில்லையே என்று இன்னும் ஊற்றாதீர்கள். அலசிப் போகாத சோப்பு ஒட்டும் தன்மையோடு உள்ளே தங்கிப் புது அழுக்கை இரட்டிப்பாகப் பிடிக்கும்.

ஜிக் மாதிரியான குளோரின் பிளீச்சைப் பற்றி ஒரே வரி: கம்பளியை மஞ்சளாக்கி, போதுமான அளவு ஊற்றினால் முழுவதுமாகவே கரைத்துவிடும்.

பூந்திக்கொட்டை கிடைத்தால் அதுதான் என் முதல் தேர்வு. நம் கடைகளில் ரீட்டா என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். கொட்டையை நீக்கித் தோலை வெதுவெதுப்பான நீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் கசக்கி வடிகட்டினால் தேவையான நுரை கிடைக்கும். லேசான அமிலம், கம்பளிக்கும் பட்டுக்கும் இதமானது. இந்தியாவில் சால்வைகளைத் தலைமுறை தலைமுறையாக இதில்தான் அலசுகிறார்கள்.

18 மார்ச்

பூந்திக்கொட்டைக்கு ஒரு வரம்பு போட வேண்டியிருக்கிறது. அந்தச் சாறு பழுப்பு நிறம். வெள்ளை, தந்த நிற ரோமம் அதிகமாக உள்ள விரிப்பில் மங்கலான பழுப்பு ஏறும். சீயக்காயில் இன்னும் அதிகம். உங்கள் சிவப்புக்கும் கருநீலத்துக்கும் தொல்லை இல்லை. வெளிர் நிறமானால் பாத்திரத் திரவத்தோடு நிறுத்துங்கள்.

2 ஏப்ரல்

தங்கச்சி அனுப்பிய புதுப் படத்தில் ஒன்று கண்ணில் பட்டது. வலது மூலையில், கருநீலக் கரையை ஒட்டி, அரிசி அளவில் ஒரு கூடு. பெரிதாக்கிப் பாருங்கள். பாதி கருநீலம், பாதி சிவப்பு. கூடு கட்டும் அந்துப்பூச்சியின் புழு தான் தின்கிற இழையைக் கொண்டே கூடு பின்னிக்கொள்ளும். கருநீலத்தைத் தின்றுவிட்டுச் சிவப்புக்கு நகர்ந்திருக்கிறது, கூட்டிலும் அந்த வரிசையிலேயே நிறம் மாறியிருக்கிறது. கூட்டோடு நகரும், தலையை நீட்டித் தின்னும், பயந்தால் உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பறக்கிற பூச்சி எதையும் தின்பதில்லை, அதற்கு முட்டையிடுவதுதான் வேலை. தின்பது புழு. வெளிச்சமும் நடமாட்டமும் இல்லாத இடம்தான் அதற்குப் பிடிக்கும்: அலமாரிக்கு அடியில், சோபா மறைத்த பகுதியில், சுருட்டி வைத்த விரிப்பின் உட்சுருளில். வியர்வை, சாப்பாடு, மூத்திரம் பட்ட கம்பளி என்றால் இன்னும் விருப்பம். விரிப்பை எடுத்து அடிக்கடி திருப்பிப்போடும் வீட்டில் இது குடியேறாது.

ஜன்னல் ஓரத்தில் புள்ளி போட்ட சின்னஞ்சிறு வண்டுகள் செத்துக் கிடந்தால் அது வேறு ஆள், கம்பள வண்டு. அதன் புழு பழுப்பு நிறத்தில் முடி முடியாக இருக்கும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே.

3 ஏப்ரல்

அந்துருண்டை போடலாமா என்று நாலைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். காற்றுப் போகாத பெட்டியில் வைத்தால்தான் அதன் ஆவி பூச்சியைக் கொல்லும். திறந்த கூடத்தில் மூக்குக்குத்தான் வேலை. ஆனால் என் எதிர்ப்புக்குக் காரணம் வேறு. நாப்தலீன் உருண்டையோடு வைத்த துணியைக் கைக்குழந்தைக்குப் போர்த்தி, குழந்தைக்கு மஞ்சள் காமாலை முற்றிய சம்பவங்கள் மருத்துவத்தில் நன்றாகத் தெரிந்தவை. ஜி6பிடி என்ற நொதி குறைவாகப் பிறக்கும் குழந்தைகளுக்கு அது சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்தக் குறை ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் அபூர்வமில்லை. குழந்தை தவழப்போகிற விரிப்பில் நான் போடமாட்டேன்.

சிறிய விரிப்பானால் டீப் ஃப்ரீசர் போதும். நல்ல பிளாஸ்டிக்கில் காற்றை வெளியேற்றிச் சுற்றி, மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். எடுத்ததும் பிரிக்காதீர்கள். அறை வெப்பத்துக்கு வரும்வரை சுற்றியபடியே இருக்கட்டும், இல்லையென்றால் குளிர்ந்த இழையில் காற்றின் ஈரம் நீராகப் படியும். இடையில் மின்சாரம் போய் ஃப்ரீசர் இளகிவிட்டால் நாட்களை மறுபடியும் முதலிலிருந்து எண்ணுங்கள். லோட் ஷெடிங் இல்லாத நாளிலும் நம் தெருவில் கேபிள் பழுதாகி மின்சாரம் போவதுண்டு.

ஆறுக்கு ஒன்பது எந்த ஃப்ரீசரிலும் அடங்காது. அதற்கு வேக்குவம், வெயில், பிரஷ். கூடுகளைக் கையால் பொறுக்கி, முன்னும் பின்னும் உறிஞ்சி, கிளீனர் பையை அன்றைக்கே வெளியே போடுங்கள். சில நாள் விட்டுத் திரும்பச் செய்யுங்கள், முட்டையிலிருந்து புதிதாக வருவதும் அகப்படும்.

வேப்பிலை வைக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: இங்கே வேம்பு என்று பலர் பறிப்பது சிரிங்கா மரத்து இலை. வேம்பின் குடும்பம்தான், ஆனால் வேறு மரம். எந்த இலையானாலும் விரிப்புக்குள் இருக்கும் புழுவைக் காய்ந்த இலை கொன்று நான் பார்த்ததில்லை.

12 ஏப்ரல்

2022 ஏப்ரல் 11, 12, பெருவெள்ளம் வந்த இந்தத் தேதிகள் டர்பனில் யாருக்கும் மறக்காது. நானூறுக்கும் மேற்பட்ட உயிர் போயிற்று. விரிப்பைப் பற்றிப் பேசுவதே கூச்சமாக இருந்த நாட்கள். ஆனாலும் வெள்ளம் வடிந்ததும் பட்டறைக்கு வண்டி வண்டியாக வந்தன, பலருக்கும் தாய் தகப்பன் வாங்கியது என்பதுதான் மிச்சம். அன்று கண்டதைச் சொல்கிறேன், மறுபடி தேவைப்படாமல் இருக்கட்டும்.

காலில் ஒட்டி வந்த சேறானால் காயவிட்டு உறிஞ்சுவதுதான் முறை. வெள்ளத்தில் முழுக்க மூழ்கியதற்கு அது நேர் எதிர். மண் காய்ந்து இறுகுமுன் நல்ல தண்ணீரில் அடித்து வெளியேற்ற வேண்டும். குழாயில் தண்ணீரே வராத அந்த வாரத்தில் பலருக்கு அது முடியவில்லை. வெள்ள நீரில் சாக்கடை கலந்திருக்கும், கையுறையும் பூட்ஸும் இல்லாமல் தொடாதீர்கள். அடியில் போட்ட ஸ்பாஞ்ச் விரிப்பைத் தூக்கி எறியுங்கள். இரண்டு நாளுக்குமேல் ஈரத்தில் சுருண்டு கிடந்த விரிப்பைப் பிரிக்கும்போது சாயம் ஒன்றில் ஒன்று இறங்கியிருந்தது. அதை யாராலும் பழையபடி ஆக்க முடியவில்லை.

28 ஏப்ரல்

மஞ்சள் கறை. பிரியாணித் தட்டு கவிழ்ந்ததாம், சோப்புப் போட்டதும் கறை ரத்தச் சிவப்பாகிவிட்டதாம், பயந்துபோய் எழுதியிருக்கிறார் ஓர் அம்மா.

பயப்பட வேண்டாம் அம்மா, அது மஞ்சளின் குணம். மஞ்சளில் உள்ள குர்குமின் காரம் பட்டால் சிவக்கும். சுண்ணாம்பு சேர்த்து நாம் ஆரத்தி கரைப்பது இதே குணத்தால்தான். நீங்கள் போட்டது காரச் சோப்பு என்பதும் இதில் தெரிந்துவிட்டது. வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு கலந்து ஒற்றினால் மஞ்சளுக்குத் திரும்பும். சிப்ஸ் மேல் ஊற்றும் பழுப்பு வினிகர் கூடாது, அதற்கே நிறம் உண்டு.

மஞ்சளை எடுக்க: முதலில் எண்ணெய். சோளமாவை மேலே தூவி, எண்ணெயை உறிஞ்சும்வரை விட்டு, உறிஞ்சி எடுங்கள். பிறகு நிறமில்லாத சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை வெள்ளைத் துணியில் நனைத்து ஒற்றுங்கள். குர்குமின் தண்ணீரில் கரையாது, ஸ்பிரிட்டில் கரையும். துணி மஞ்சளாக ஆக இடத்தை மாற்றுங்கள். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. விரிப்பின் சாயமும் ஸ்பிரிட்டில் கரைகிறதா என்று மூலையில் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். நிறம் போட்ட மெத்திலேட்டட் ஸ்பிரிட்டைத் தொடாதீர்கள். அடுப்பும் குத்துவிளக்கும் எரியாத நேரமாகப் பாருங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

மிச்சமிருக்கும் மஞ்சளை வெயில் வெளுக்கும், குர்குமினுக்கு வெளிச்சம் ஆகாது. கறை பட்ட இடத்தை மட்டும் திறந்துவிட்டு மற்றதைக் கெட்டித் துணியால் மூடி வெயிலில் வையுங்கள், அடிக்கடி எட்டிப் பாருங்கள்.

29 ஏப்ரல்

நாய், பூனை மூத்திரம்: உடனே ஒற்றி எடுத்து, தண்ணீரால் ஒற்றி, நீர்த்த வினிகரால் ஒற்றுங்கள். நாளாக ஆகக் கிருமிகளால் அது காரமாகி, சாயத்தையே மாற்றிவிடும். பழைய மூத்திரத்தில் வாடை போகலாம், போன நிறம் வராது.

6 மே

டர்பனுக்குச் சொன்னதை எல்லோரும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நமக்கு ஜூன், ஜூலை, ஆகஸ்ட் வறண்ட குளிர்கால மாதங்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவிலிருந்து கேட்ட அண்ணனுக்கும் குளிர்காலம் வறட்சிதான், எங்களைவிட அதிகம். ஆனால் இரவில் உறையும். ஈர விரிப்பை வெளியே விட்டுவிடாதீர்கள், கோடையில் கழுவினால் பிற்பகல் இடிமழையைக் கணக்கில் வையுங்கள். கேப் டவுன் தம்பிக்கு எல்லாம் தலைகீழ். அங்கே குளிர்காலத்தில் மழை, தென்கிழக்குக் காற்று வீசும் கோடையில்தான் நன்றாகக் காயும். 2018இல் ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று தண்ணீரை அளந்து கொடுத்த ஊர் அது. அந்த மாதிரி காலத்தில் தட்டி, உறிஞ்சி, காற்றாட விடுவதோடு நிறுத்துவதே நியாயம்.

19 மே

ரோர்க்ஸ் டிரிஃப்ட்டில் நெய்த சுவர்த் தொங்கல் ஒன்று மாமனார் வழியில் வந்திருப்பதாகவும், அதையும் இப்படிக் கழுவலாமா என்றும் கேள்வி. கழுவாதீர்கள்! 1960களில் அங்கே லூத்தரன் திருச்சபையின் கைவினை மையத்தில் ஜூலு நெசவாளர்கள் காராகுல் ஆட்டுக் கம்பளியில் நெய்தவை இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. உங்களுடையது அந்தக் காலத்தது என்றால் மதிப்புத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அதுவரை நேர் வெயில் படாத சுவர். தூசு எடுக்க, கிளீனர் வாயில் மெல்லிய வலைத்துணி கட்டி, குறைந்த வேகத்தில் உறிஞ்சினால் போதும்.

15 ஜூன்

இளைஞர் தினத்துக்கு நீண்ட விடுமுறை, திங்கள்வரை வானம் தெளிவு என்கிறார்கள். தங்கச்சி, இப்போது கழுவலாம். கேட்டபடி வரிசையாகச் சொல்கிறேன்.

இடம்: சரிவான சிமெண்ட் அல்லது டைல்ஸ் தரை. படத்தில் தெரிகிற முன்வராந்தா வேண்டாம், அதில் சிவப்புப் பாலிஷ் போட்டிருக்கிறது. ஈரக் கம்பளிக்கு அடியில் அந்தப் பாலிஷ் ஏறினால் குஞ்சம் சிவந்துவிடும். பின்பக்கத்து முற்றம்தான் சரி.

சாயச் சோதனை: வெள்ளைத் துணியைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு நிறத்தின் மேலும் ஐந்து நிமிஷம் அழுத்தி வையுங்கள். துணியில் சிவப்போ நீலமோ ஒட்டினால் வேலை அங்கேயே நின்றது, கைதேர்ந்தவரிடம் கொடுங்கள். ஒட்டாவிட்டால் மேலே போகலாம். ஓட்டை உள்ள இடங்களையும் பிரிந்த ஓரத்தையும் நனைக்கும் முன்பே நூலால் தைத்துப் பிடித்துவிடுங்கள்.

கழுவல்: குழாய்த் தண்ணீர், சூடு வேண்டாம். மெதுவாக நனைத்து, பூந்திக்கொட்டைச் சாறு ஊற்றி, மென்மையான பிரஷால் ரோமம் சாய்ந்த திசையில் மட்டும் நீவுங்கள். வட்டம் போட்டுத் தேய்த்தால் கட்டி விழும். பிறகு மேட்டுப் பக்கமிருந்து தண்ணீர் விட்டு அலசுங்கள். ஓடிவரும் தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்துப் பாருங்கள், தெளிந்த பிறகும் கொஞ்சம் அலசுங்கள். கடைசி வாளியில் அரை கப் வெள்ளை வினிகர், இதுதான் நான் சொன்ன வேலை. மிச்சக் காரத்தை முறித்துக் கம்பளியை அதன் இயல்பான லேசான அமிலத்துக்குக் கொண்டுவரும், சாயத்தையும் பிடித்து நிறுத்தும்.

நீர் வடிப்பு: தரை துடைக்கும் ரப்பர் கட்டையால் ரோமம் சாய்ந்த பக்கமாகவே தள்ளித் தள்ளி நீரை வெளியேற்றுங்கள். இதில் செலவாகும் நேரம் காயும் நேரத்தில் மிச்சம். பழைய துண்டுகளைப் பரப்பி, சேர்த்துச் சுருட்டி, மேலே கால் வைத்து அழுத்தி, உடனே பிரித்துவிடுங்கள்.

16 ஜூன், காலை

தண்ணீர் ரூய்போஸ் தேநீர்போலச் செம்பழுப்பு நிறத்தில் வருகிறது, சாயம் போகிறது என்று தங்கச்சி பதறிச் செய்தி அனுப்பியிருந்தார். ஒரு வெள்ளைத் துணியை அந்தத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து பார்க்கச் சொன்னேன். சாம்பல் கலந்த பழுப்பு. அப்படியானால் அழுக்கு. சாயமானால் துணி ரோஜா நிறத்தில் வந்திருக்கும். அலசுவதைத் தொடருங்கள்.

16 ஜூன், மாலை

காயவைத்தல். கொடி வேண்டாம். மரப் பலட்டோ, கவிழ்த்த பால் கிரேட்டுகளோ அடுக்கி, மேலே சமமாகப் பரப்புங்கள், அடியில் காற்று ஓட வேண்டும். பின்பக்கம் வானத்தைப் பார்க்கட்டும், வெயில் முன்பக்கத்துச் சாயத்தை வாங்காது. மூன்று மணிக்குமேல் பனி இறங்குமுன் உள்ளே கொண்டுபோய் மின்விசிறியை அடியில் திருப்பி வையுங்கள்.

மேலே தொட்டுக் காய்ந்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். கம்பளி தன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை உள்ளே வைத்துக்கொண்டு, தொட்டால் காய்ந்ததுபோலவே இருக்கும். பின்பக்கத்தில், நடுவில், புறங்கையை வைத்துப் பாருங்கள். மற்ற இடத்தைவிடச் சில்லென்று இருந்தால் அங்கே இன்னும் ஈரம்.

18 ஜூன்

புறங்கைச் சோதனையில் குஞ்சத்தை ஒட்டி மட்டும் சில்லிப்பு என்கிறார். சரிதான், நீர் அங்கேதான் வடிந்து சேரும். அந்தப் பகுதிக்கு இன்னொரு இரவு மின்விசிறி. தரையில் விரிக்க அவசரம் வேண்டாம்.

முடை நாற்றம் போய்விட்டதாம். வலது மூலையில் புழு தின்ற இடம் இப்போது நன்றாகத் தெரிகிறதாம், அழுக்கு மறைத்திருந்தது. அடி முடிச்சு இருக்கிறது, ரோமம்தான் போயிருக்கிறது. விரிப்பு அதனால் கிழியாது.

7 ஜூலை

குஞ்சம் மட்டும் பழுப்பாக நிற்கிறது, பிளீச்சில் முக்கலாமா என்று கேள்வி. கூடாது. உங்கள் விரிப்பில் குஞ்சமும் பாவு நூலும் ஒன்றே. குஞ்சம் இற்றால் அடுத்து ஓரத்து முடிச்சுகள் அவிழும். பருத்தி மெதுவாகக் காயும்போது அதனுள் இருக்கும் பழுப்பு ஈரத்தோடு நுனிக்கு ஏறுவது வழக்கம். ஒரு பங்கு வெள்ளை வினிகர், நாலு பங்கு தண்ணீர், அதில் நனைத்த வெள்ளைத் துணியால் குஞ்சத்தை மட்டும் வேரிலிருந்து நுனிக்கு நீவுங்கள். காய்ந்த துண்டுக்கு நடுவில் வைத்து அழுத்தி, விசிறியில் காயவிடுங்கள். ஒரு தடவையில் பாதி தெளியும். இரண்டாவதை அடுத்த வெயில் நாளில் செய்யலாம். அதற்குமேல் மிஞ்சும் பழுப்பு வயதுக்கு உரியது, விட்டுவிடுங்கள்.

நம் தென்கோளத்தில் வடக்குப் பார்த்த ஜன்னல் பக்கம் வெயில் அதிகம் விழும் என்பதால், விரித்த பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை தலைமாடு கால்மாடாகத் திருப்பிப் போடுங்கள். சோபாவை நகர்த்தி அடியில் உறிஞ்சுவதையும் அன்றைக்கே வைத்துக்கொள்ளுங்கள்.